கூட்டில் இன்னொரு ஆண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார். நான் சொல்லப்போவதை நானே முழுசாக நம்பி இருபத்து நாலு வருஷம் ஆகிறது. விஷயம் நடந்து இருபத்தாறு வருஷம். முதல் இரண்டு வருஷம் வேதவாக்கு மாதிரி நம்பினேன். அதற்கப்புறம் காலையில் நம்புவேன், சாயங்காலம் நம்பமாட்டேன். அப்படியே ஓடிவிட்டது.

பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் வாய் கொடுக்கிற ஆள் இல்லை நான். ஓசூரில் ஏறும்போது நீங்கள் விலங்கியல் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர் என்று சொன்னீர்கள், அதனால்தான். மனுஷனைப் பற்றித் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நிறையப் பேரிடம் கேட்டாகிவிட்டது. சாமியார், வக்கீல், என் மூத்த அண்ணன். பிராணிகளைப் பற்றித் தெரிந்தவரிடம் இதுவரை கேட்டதில்லை.

ஒரு சின்னக் கேள்வியில் ஆரம்பிக்கிறேன். ஆம்பளைக்கு எதற்கு சார் முலைக்காம்பு?

சிரிக்காதீர்கள். நான் புறா வளர்த்தவன். புறாவில் ஆணும் பால் கொடுக்கும், உங்களுக்குத் தெரியாததா. தொண்டைப் பையில் ஊறி, தயிர்க்கட்டி மாதிரி வரும். குஞ்சு பொரித்த முதல் வாரம் அம்மாவும் அப்பாவும் மாறி மாறி ஊட்டும். அந்த ஆணுக்கு மார்பில் ஒன்றும் கிடையாது, ஆனால் பால் உண்டு. நமக்கு இரண்டு இருக்கிறது, ஒரு சொட்டுக் கிடையாது. என் மகளுக்கு எட்டு மாசமாக இருந்தபோது நான் குவைத்துக்குப் போய்விட்டேன். அவளுக்கு ஒரு வாய் சோறுகூட ஊட்டியதில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

ஓ. கருவில் முதல் சில வாரங்கள் இரண்டுக்கும் ஒரே அச்சுதானா? ஆணா பெண்ணா என்று முடிவாவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறதா? சரி. அப்புறம் எடுப்பதற்கு ஆளில்லை, அப்படியே நின்றுவிட்டது. புரிகிறது சார்.

அந்த மகள் பெனிட்டாவுக்குத்தான் வருகிற பதினெட்டாம் தேதி கல்யாணம், தஞ்சாவூரில். எங்கள் வழக்கத்தில் அப்பா பெண்ணின் கையைப் பிடித்துக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கை எனக்கா, அவள் மாமாவுக்கா என்பது இன்னும் முடிவாகவில்லை. போன மாசம் பெனிட்டாவே திருச்சிக்கு என் வீட்டுக்கு வந்தாள். பத்து நிமிஷம் உட்கார்ந்தாள். காபி போட்டேன், சர்க்கரை அதிகம் என்று பாதி வைத்துவிட்டாள். கிளம்பும்போது சொன்னாள்: "அம்மா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்கப்பா. அன்னைக்கு உங்ககிட்ட சொன்னது யாரு? அதைச் சொல்லிட்டா நீங்க தாராளமா வரலாமாம்."

அம்மா என்பது என் மனைவி பிலோமினா. இருபத்தாறு வருஷமாகத் தஞ்சாவூரில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். கோர்ட்டு கேஸ் எதுவும் கிடையாது. போனாள், அவ்வளவுதான். நான்தான் அனுப்பினேன் என்றும் சொல்லலாம். நான் அவளைப் பற்றி வெளியில் ஒரு தப்பான வார்த்தை பேசியதில்லை சார். அதை மட்டும் யாரும் சொல்ல முடியாது.

சொன்னது யார் என்றால், சவரிமுத்து. என் கூட்டாளி. பாலக்கரையில் இரண்டு தெரு தள்ளி வீடு. அவன் வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பந்தயப் புறா வைத்திருந்தோம். அவன் கூண்டு கட்டுவான், தீனி போடுவான், புறாப் பந்தயச் சங்கத்துக்குப் போவான், சண்டை போடுவான். நான் பழக்குவேன். பறந்து வந்த புறா வீட்டு மாடியில் இறங்கிவிட்டால் ஜெயித்தோம் என்று நினைப்பீர்கள். இல்லை. கூண்டுக்குள் நுழைந்து, காலில் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றி, சங்கத்துக் கடிகாரத்தில் போட்டால்தான் நேரம் விழும். சில புறா வந்து உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொண்டு இறகு கோதும். அதை இறக்குவதற்கு விசில் வேண்டும். அந்த விசில் என் வாயில்தான் இருந்தது. சவரி நூறு தடவை அடித்துப் பார்த்திருக்கிறான். "குக்கர் மாதிரி வருது மாப்ளே" என்று அவனே சிரிப்பான்.

எங்களிடம் ஒரு ஆண் இருந்தது. இறக்கையில் இரண்டு கறுப்புக் கோடு, அதனால் பட்டையன். அதைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. விஜயவாடாவில் காலை ஆறு மணிக்குத் திறந்துவிட்டால் சாயங்காலம் பாலக்கரையில் இருக்கும்.

அது எப்படி அவ்வளவு வேகமாக வரும் என்று கேட்டீர்கள் என்றால், அங்கேதான் விஷயம். ஒரு பெங்களூர்க்காரர் சவரிக்குச் சொல்லிக்கொடுத்த முறை. பந்தயத்துக்கு அனுப்புவதற்கு முன்னால், ஜோடி இருக்கிற கூட்டில் இன்னொரு ஆணைக் கொண்டுபோய் விட வேண்டும். நடுவில் கம்பி. பத்து நிமிஷம். நம் ஆண் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும். பெட்டை அந்தப் பக்கம், கூடவே அந்த இன்னொருத்தன். கழுத்து உப்பும், கண் சிவக்கும், தரையை உரசிக்கொண்டு சுற்றும். அந்த நிலையிலேயே பிடித்துக் கூடையில் போட்டு அனுப்பிவிட வேண்டும். அப்புறம் அது வழியில் எங்கேயும் உட்காராது சார். தண்ணி குடிக்காது. கழுகு வந்தாலும் ஒதுங்குமே தவிர இறங்காது. பட்டையனுக்கு இதை நாங்கள் மூன்று வருஷம் செய்திருக்கிறோம். நானும் சேர்ந்துதான். அந்த இன்னொரு ஆணைக் கையில் எடுத்துக்கொண்டு போய் விட்டதே நான்தான், பல தடவை.

அதை என்னவென்று சொல்வீர்கள் சார், பொறாமையா? அன்பா? இரண்டுக்கும் உடம்புக்குள் வேறு வேறு சுரப்பி உண்டா, ஒன்றேதானா?

சரி, இருக்கட்டும். எனக்குக் குவைத்தில் வெல்டர் வேலை கிடைத்தது. இரண்டு வருஷக் கான்ட்ராக்ட், நடுவில் லீவு கிடையாது. போனேன். நான் போன பிறகு வந்த முதல் பந்தயத்தில் பட்டையன் எல்லோருக்கும் முந்தி வந்துவிட்டது. வந்து, தண்ணித் தொட்டி மேலே உட்கார்ந்துகொண்டது. பதினேழு நிமிஷம். சவரி விசிலடித்திருக்கிறான், தீனி டப்பாவைக் குலுக்கியிருக்கிறான், கடைசியில் அழுதிருக்கிறான். பதினேழு நிமிஷத்தில் பீமநகர்க்காரன் புறா வந்து நுழைந்துவிட்டது. அதை எனக்கு நாலு பக்கம் எழுதியிருந்தான். அடுத்த மார்ச்சுக்கு வந்துவிடு, வந்துவிடு என்று அதற்கப்புறம் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினான். முடியாது சவரி, பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது என்று நானும் எழுதினேன்.

மறு வருஷம் ஜனவரி கடைசியில் ஒரு கடிதம். அது நாலு வரி. எனக்கு மனப்பாடம். "வீட்டைக் கவனி. ஒருத்தன் வந்து போகிறான். கண்ணால் பார்த்தேன். நான் எழுதியதாகச் சொல்லாதே, உன் பிள்ளைமேல் ஆணை. உடனே வா." இவ்வளவுதான். பேர் இல்லை, எத்தனை நாள் என்று இல்லை, எந்த நேரம் என்று இல்லை.

அதைப் படித்த பிறகு பதினோரு நாள் சோறு இறங்கவில்லை சார். தூக்கம் இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. வெயிலில் நின்று வெல்டிங் வைக்கிறேன், களைப்பே இல்லை. அது எந்தச் சுரப்பி? ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார் பண்ணுவதா? கொஞ்ச நேரத்துக்கு என்றுதான் ஏற்பாடா? எனக்குப் பதினோரு நாள் நின்றது. கம்பெனிக்காரன் காலில் விழுந்து, சேர வேண்டிய சம்பளத்தை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக் கதவைத் தட்டினேன். பிலோமினா திறந்தாள். சந்தோஷப்பட்டாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அப்போது, பயந்தாள் என்று தோன்றியது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறவனைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்? குழந்தை என்னைப் பார்த்து அழுதது. அதையும் ஒரு கணக்கில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே போனதும் நான் பார்த்தது மேலே. புது டியூப் லைட்.

"யார் போட்டது?" என்றேன்.

"எதை?"

"டியூப் லைட்டை."

"கரண்ட் வேலை பாக்கிறவரு. பழசு கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு, பாப்பா பயந்துச்சு."

"பேரு என்ன?"

"பேரா? நான் எதுக்கு அவரு பேரைக் கேக்கறேன்? முதல்ல கையைக் காலைக் கழுவிட்டு வாங்க. என்ன இப்படி எலும்பா வந்திருக்கீங்க?"

பேர் தெரியாது என்றால் சந்தேகம். தெரியும் என்றிருந்தாலும் சந்தேகம்தான். இப்போது எனக்கே தெரிகிறது. வந்ததிலிருந்து பன்னிரண்டு நாள் நான் அப்படித்தான் இருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். அவள் புதுப் புடவை கட்டினால் ஏன் என்பேன், பழசு கட்டினால் எனக்குப் பழசு போதுமா என்பேன். வாய்விட்டு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நேராகக் கேட்பது அவளை அவமானப்படுத்துவது என்று நினைத்தேன்.

அவள்தான் கேட்டாள். பன்னிரண்டாவது நாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "யாரு சொன்னது?" என்றாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"யாரும் சொல்லாமலா சம்பளத்தை விட்டுட்டு ஓடி வந்தீங்க? சொன்ன ஆளைக் கூட்டிட்டு வாங்க. இதே இடத்துல, என் முன்னாடி நிக்கச் சொல்லுங்க. நான் அவரைத்தான் கேக்கணும், உங்களை இல்ல."

ஆணை இருக்கிறதே சார், பிள்ளைமேல். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அவள் அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் போய் அவள் அண்ணனுக்கு போன் பண்ணினாள். சாயங்காலம் வேன் வந்தது. உண்மையில் ஒன்றும் இல்லை என்றால் ஒரு பெண் சண்டை போட மாட்டாளா? கத்த மாட்டாளா? இவள் பேசாமல் ஏறிப் போனாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். நீங்களே சொல்லுங்கள், வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்க்கிறீர்கள். பரவாயில்லை.

அன்றைக்கு சாயங்காலமே சவரி வந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். "வீட்லயே கிடந்தா பைத்தியம் பிடிச்சிடும் மாப்ளே, மாடிக்கு வா" என்றான். போனேன். என்னைத் தேற்றுகிறான் என்று நினைத்தேன். பட்டையன் என் விசிலை மறக்கவில்லை. முதல் விசிலுக்கே தோளில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மார்ச் மாசப் பந்தயத்தில் சாயங்காலம் ஐந்து இருபதுக்கு மாடிக்கு மேல் வந்தது. விசிலடித்தேன், நேராக உள்ளே. கோப்பை எங்களுக்கு.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு பந்தயத்துக்கு முன்னால், வழக்கம் போல அந்த இன்னொரு ஆணைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எல்லாம் பட்டையனைத்தான் பார்ப்பேன், எவ்வளவு கோபப்படுகிறது என்று. இதைப் பார்த்தால், அது பாட்டுக்கு மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கும் வேறு கூட்டில் ஜோடி இருக்கிறது. பெட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டையும் அதைப் பார்க்கவில்லை, கம்பிக்கு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுமே நடக்கவில்லை சார் அந்தக் கூட்டில். நடந்ததெல்லாம் பட்டையன் தலைக்குள். வைத்தது என் கை.

பட்டையனைப் பிடிக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சவரி, "என்ன மாப்ளே, சுகர் பார்த்தியா?" என்றான்.

அன்றைக்கே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கலாம்தான். கேட்டு, அவன் ஆமாம், நான்தான் எழுதினேன், பொய்தான் என்று சொல்லிவிட்டால், அப்புறம் நான் பிலோமினாவுக்குச் செய்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? கேட்காமல் இருக்கும்வரை பாதியாவது உண்மையாக இருக்க இடம் இருந்தது. அதற்குள்ளேயே குடியிருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வைப்பேன், சவரி வருவான். "உன் கைப்பக்குவம் எந்தப் பொம்பளைக்கும் வராது மாப்ளே" என்பான். இரண்டு பேரும் சாப்பிடுவோம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கணக்கே இல்லை.

உங்களிடம் இன்னொன்று கேட்க வேண்டும். பிரித்து வைத்த ஜோடி எத்தனை காலம் ஒன்றை ஒன்று ஞாபகம் வைத்திருக்கும்? நான் பார்த்தது ஒரு வருஷம். ஒரு வருஷம் கழித்து ஒரே கூட்டில் விட்டோம், அரை மணி நேரத்தில் மூக்கோடு மூக்கு. அதற்கு மேலே? ஆராய்ச்சி ஏதாவது உண்டா? தெரியாதா. சரி.

பெனிட்டா வந்து போன பிறகு, சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பேரைச் சொல்லிவிட்டால் போதும், பிலோமினாவுக்கு எல்லாம் புரிந்துவிடும், நானும் ஏமாந்தவன்தான் என்று. ஆனாலும் ஆணை இருக்கிறது, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சொல்வதுதான் முறை என்று நேற்று ஓசூருக்குப் போனேன். ஐந்து வருஷமாக அங்கேதான் மகன் வீட்டில் இருக்கிறான். மூன்றாவது மாடி. பால்கனி முழுக்க வலை கட்டியிருக்கிறார்கள், புறா வராமல் இருக்க. வலைக்கு வெளியே நாலு மாடப்புறா உட்கார்ந்திருந்தது. அவன் வலைக்கு உள்ளே நாற்காலியில்.

என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டான். மருமகள் காபி கொடுத்துவிட்டுப் பேரனைக் கூப்பிட ஸ்கூலுக்குப் போனாள். அவன் காபி ஆறுவதற்குள் பட்டையனுக்கு வந்துவிட்டான். வேறு என்ன பேசுவான்?

"அந்த வருஷம் அஞ்சு இருபது! ஞாபகம் இருக்கா? நீ ஒரே விசில். எட்டு செகண்டுல வளையம் கடிகாரத்துக்குள்ள. பீமநகர்க்காரன் மூஞ்சி போன போக்கு! அதுக்கு முந்தின வருஷம் தொட்டி மேல உக்காந்து என் உசிரை வாங்குச்சே..."

"நீ லெட்டர் போட்டதாலதானே சவரி நான் வந்தேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"பின்னே? நாலு தடவை வாடா வாடான்னு எழுதினேன். லீவு இல்ல, பாஸ்போர்ட் இல்லன்னு கதை சொன்னே. அப்புறம் வேற எதைத்தான் எழுதறது, நீ பறந்து வர்றதுக்கு?"

சிரித்துக்கொண்டே சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. சிரிப்பு வாயில் நின்றுவிட்டது, கண் மட்டும் கீழே இறங்கியது. டம்ளரை எடுத்தான். காலி. மறுபடி கீழே வைத்தான்.

"ஒரு மாசம்தான் நெனைச்சேன் மாப்ளே" என்றான். "நீ வருவே, ரெண்டு நாள் சண்டை போடுவே, அப்புறம் சரியாயிடும்னு நெனைச்சேன். பிலோமினா ஊரை விட்டே போவும்னு நான் கண்டேனா? நீயும்தான் என்னை ஒரு வார்த்தை கேக்கல. யார்ரா, எப்படிடா இருந்தான்னு ஒரு வார்த்தை. இத்தனை வருஷத்துல ஒரு நாள் நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

பாருங்கள் சார், எப்படித் திருப்பிவிடுகிறான் என்று. செய்ததையும் செய்துவிட்டு, கேட்காதது என் தப்பு என்கிறான். வழி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வருகிறேன். சண்டை போட வேண்டும் என்று தோன்றவில்லை. சட்டையைப் பிடித்திருந்தால் அந்த வயசில் விழுந்திருப்பான். ஆணையைச் சாக்கு வைத்து, உண்மையா பொய்யா என்று கேட்கத்தான் ஓசூர் வரைக்கும் போனேன், அது கேட்காமலே வந்துவிட்டது. கேட்க வேறொன்று மிச்சம் இருந்தது. பந்தயம் நடந்த அன்றைக்கு பிலோமினா தஞ்சாவூருக்குப் போய்ப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவள் பெட்டிகூட இன்னும் முழுசாக எடுத்துப் போகவில்லை. பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். நான் நாற்காலியை இழுத்து, அவனுக்கு நேராக உட்கார்ந்து கேட்டேன்:

"பந்தயம் முடிஞ்ச மறுநாளாவது ஏன்டா சொல்லல?"